இன்று சரிபார்க்கப்பட்டது

மாப்ள,

உன் பழைய போன் இப்போது என் மேசையில் கிடக்கிறது. பஸ் நேரம் கேட்டு ஆட்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால், உன் வீட்டில் தாங்க முடியாமல் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை காலையில் அது அடித்தது. மார்க்கையன்கோட்டையிலிருந்து ஒரு பெண். அப்பாவைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, ஆறே முக்கால் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரமாக நின்றிருக்கிறார். அந்த பஸ்ஸை நிறுத்தி ரெண்டு மாசமாச்சு என்று அப்போதுதான் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“நெட்டுல இன்னைக்குச் சரிபார்த்ததுன்னு போட்டிருக்கீகளே, யாரு பாத்தாக?” என்று கேட்டார்.

யாரும் பார்க்கவில்லை, மாப்ள. அதைப் போட்டது நான்தான்.

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன் நீ. வருகிறவர்கள் எல்லாரும் பஸ் நேரம் கேட்டதில் சலித்துப்போய்த்தான் பஸ் நேரங்களைப் போட அந்த இணையப் பக்கத்தைத் தொடங்கினாய். திங்கட்கிழமைதோறும் கடை திறக்குமுன் ஸ்டாண்டுக்குள் போய், கண்டக்டர்களிடம் கேட்டு, வீணான ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வாய். பக்கத்தின் அடியில் உன் பெயர், போன் நம்பரோடு ‘நான் நேரில் பார்த்தது’ என்று எழுதித் தேதி போடுவாய்.

ஏற்கெனவே இருக்கும் இணையப் பக்கங்களைத் திருத்தித் தேடலில் மேலே ஏற்றுவதுதான் தேனியில் என் பிழைப்பு. உன் பக்கத்தைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. ஜனங்கள் எப்படித் தேடுகிறார்களோ அப்படியே தலைப்புகளை மாற்றினேன். உன் வளவளப்பை எல்லாம் வெட்டினேன். எங்கேயோ அடியில் கிடந்தது, ரெண்டே மாதத்தில் முதல் இடத்துக்கு வந்துவிட்டது. நீ கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையில்தான் இன்னொன்றும் செய்தேன். உன் வரியை எடுத்துவிட்டு, ‘இன்று சரிபார்க்கப்பட்டது’ என்று தினமும் தேதி தானாக மாறும்படி வைத்தேன். புதிதாகத் தெரிகிற பக்கம்தான் மேலே நிற்கும், எங்கள் தொழிலில் இது சகஜம் என்றேன். உன் முகம் சுருங்கிப்போனது.

“ஏலே, நான் திங்கக்கிழமை மட்டுந்தான அங்கன போறேன்? பாக்காத அன்னைக்கும் பாத்தேன்னு போடுறதா?”

“தேதிய எவன்டா பாக்கப்போறான்?” என்று சிரித்தேன்.

நீ சிரிக்கவில்லை. எடுத்துவிடச் சொன்னாய். பிறகு ரெண்டு தடவை ஞாபகப்படுத்தினாய். ‘இந்த வாரம் எடுத்துடுறேன்’ என்றேன். அந்த வாரம் முடிவதற்குள் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன்னை அடக்கம் செய்த அன்றும், உன் பெயருக்குக் கீழே, நீ பஸ்களைச் சரிபார்த்ததாகத்தான் பக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஐந்து மாதமும் அப்படியே. முதல் இடம் போய்விடுமே என்று நான் தொடவில்லை. சொல்லவே கூசுகிறது.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண் போனை வைத்ததும், தேதி தானாக மாறுவதை நிறுத்தினேன். போனோடு உன் வீட்டில் கொடுத்த தாள்களில் உன் கடைசித் தாளைத் தேடி எடுத்து, அதிலிருந்த தேதியை ‘நான் நேரில் பார்த்தது’ என்று உன் வார்த்தையிலேயே போட்டேன். ரெண்டு நாள் அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பக்கம் மறுபடியும் உன்னுடையதாக இருந்தது. ஆனால் அதிலிருந்த நேரங்கள் தப்பு. சரிசெய்ய வேண்டுமென்றால் உன் தேதியை அழிக்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை.

இன்று திங்கட்கிழமை. விடிந்ததும் கிளம்பி உன் ஸ்டாண்டுக்குப் போனேன். எதிரே உன் கடை பூட்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் நின்றேன். கண்டக்டர் ஒருவர் என் கையிலிருந்த தாளைப் பார்த்து, “அவுக கேட்ட மாதிரியே கேக்குறீக” என்றார். நின்றுபோன பஸ்கள் இரண்டு. நேரம் மாறியவை நான்கு. எல்லாவற்றையும் திருத்திவிட்டு, உன் தேதியை அழித்து என் தேதியைப் போட்டேன்.

பிறகு மார்க்கையன்கோட்டைப் பெண்ணைக் கூப்பிட்டு, எட்டேகாலுக்கு ஒரு பஸ் இருக்கிறது என்றேன்.

“நெசமாவே நேர்ல பாத்தீகளா?”

“பாத்தேன்மா.”

பக்கம் இப்போது கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது, இறங்கட்டும். அந்தப் பெண்ணிடம் பக்கம் சொன்ன பொய்யை என்னால் திருத்த முடிந்தது. ‘இந்த வாரம் எடுத்துடுறேன்’ என்று உன்னிடம் சொன்னது மட்டும் அப்படியே என்னிடம் கிடக்கிறது, மாப்ள.