‘பழைய பல்புகள்’ என்று எழுதிய பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

தங்கைக்கு அவள் தோழிகள் பிரைடல் ஷவர் நடத்தப் போகிறார்களாம், கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்குக் கொடுக்கிற விருந்து. வருகிற நாற்பது பெண்களுக்கும் ஆளுக்கொரு பரிசுப் பெட்டி கொடுக்க வேண்டும். “கடையில வாங்கினது வேண்டாம்க்கா. கையால செஞ்சாத்தான் அதுல அன்பு தெரியும்” என்றாள் சின்னது. யார் கையால் என்று சொல்லவில்லை. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள் நான். இந்த வீட்டில் கத்தியும் ஸ்கேலும் யார் கையில் இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும்.

மார்ச் 5, வியாழன்

மாதிரிக்கு ஒன்று செய்தேன். ஆறு பக்கம், மேலே மூடி, மூடியில் ஒரு காகிதப் பூ. அட்டை மடித்த இடத்திலேயே வெடிக்கிறது. கடைக்காரரிடம் கேட்டால், “நீங்க சொல்ற அட்டை கல்யாணப் பத்திரிகைக்குத்தான் மேடம் போடுவாங்க” என்கிறார்.

நல்லது. அது எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 8, ஞாயிறு

ஸ்டோர் ரூமில் தையல் மெஷினுக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி. மேலே அம்மாவின் கையெழுத்தில் ‘பழைய பல்புகள்’. உள்ளே பல்பு எதுவும் இல்லை. என் கல்யாணப் பத்திரிகைகள், இருநூற்றுக்கு மேல். மூன்று வருஷத்துக்கு முன், கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, மாப்பிள்ளை போனில் “மனசு ஒட்டல” என்று சொல்லிவிட்டார். கொடுத்தது போக மிச்சம் இது.

பிறகு வீடு மாறினோம். இங்கே யாருக்கும் தெரியாது. சின்னதின் மாப்பிள்ளை வீட்டாரிடம் அம்மா சொல்லியிருப்பது: “பெரியவளுக்குக் கல்யாணத்துலயே இஷ்டம் இல்ல.” நானும் அவர்கள் வரும்போதெல்லாம் இஷ்டமில்லாத முகத்தை மாட்டிக்கொண்டு டீ கொடுக்கிறேன். விஷயம் வெளியே வந்தால் ஏன் நின்றது என்று கேட்பார்கள். கேட்க ஆரம்பித்தால் சின்னதின் கல்யாணமும் — வேண்டாம், எழுத வேண்டாம்.

அட்டை என்னவோ அருமையான அட்டை. அச்சு ஒரு பக்கம்தான்.

மார்ச் 11, புதன்

அம்மா பார்த்துவிட்டாள். “அதை ஏன்டி எடுத்தே? யாராவது பார்த்தா?”

எழுத்தை உட்பக்கம் வைத்து, அதன்மேல் ரோஜா நிற டிஷ்யூ காகிதம் ஒட்டிக் காட்டினேன். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. “சரி, மூடியிலயும் ஒட்டிடு” என்றாள். மூன்று வருஷத்தில் அந்தப் பத்திரிகையைப் பற்றி நாங்கள் பேசியது இவ்வளவுதான்.

முதல் வெட்டு மாப்பிள்ளையின் பெயருக்கு நடுவே போயிற்று. அளவு அப்படி வந்தது, நான் என்ன செய்ய?

மார்ச் 14, சனி

முப்பத்தொன்று முடிந்தது. சாப்பிட்டாலும் பசை வாசனைதான்.

மார்ச் 21, சனி

விழா முடிந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் சித்தி சுட்ட வெண்ணெய் பிஸ்கட் ஆறு. எல்லோரும் பெட்டியைத்தான் புகழ்ந்தார்கள். ஒரு அம்மாள் என் கன்னத்தைத் தட்டி, “உனக்கும் ஒரு நாள் பத்திரிகை அடிப்பாங்க, பாரு” என்றார். அடித்தாயிற்று, உங்கள் மடியில்தான் இருக்கிறது என்று வாய் வரை வந்துவிட்டது. ஒரு பிஸ்கட்டைப் போட்டு அடைத்துக்கொண்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் சின்னதின் தோழி போன் செய்தாள். “அக்கா, கங்கிராட்ஸ்! பெட்டிக்குள்ள சர்ப்ரைஸா வச்சிருக்கீங்களே!”

ஓடிப்போய் வீட்டில் இருந்த பெட்டியைத் திறந்தேன். வெண்ணெய்! சித்தியின் தாராள மனசு முழுவதும் டிஷ்யூவில் ஊறி, அடியில் என் பெயரும் தேதியும் பளிச்சென்று தெரிந்தன. காகிதத்தில் எண்ணெய் பட்டால் அடியில் இருப்பது தெரியும். அந்தக் காலத்தில் எங்கள் ஆபீஸில் அப்படித்தான் படத்தை நகல் எடுத்தார்களாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். பதினோரு வருஷ சர்வீஸ். நாற்பது வீடு. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்! சின்னது வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டேனே!

மதியத்துக்குள் நான்கு பேர் வாழ்த்திவிட்டார்கள். ஒருத்தியும் வருஷத்தைப் படிக்கவில்லை. சம்பந்தியம்மா மட்டும் கூப்பிடவில்லை. அவர் கணக்கு டீச்சர். எண்ணைப் படிக்காமல் விடமாட்டார்.

மார்ச் 23, திங்கள்

வந்துவிட்டார். பெட்டியை மேஜைமேல் வைத்தார். அம்மா நாளிதழை விரித்து அதை மூடப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“என் கல்யாணம்தான். ஒன்பது நாள் இருக்கும்போது அவர் வேண்டாம்னுட்டார். தங்கச்சிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

“தெரியும்மா” என்றார் அவர். “பேச்சு ஆரம்பிச்ச முதல் வாரமே உன் தங்கச்சி எங்ககிட்ட சொல்லிட்டா. உனக்குச் சங்கடமா இருக்கும்னு நாங்கதான் தெரியாத மாதிரி இருந்தோம். நேத்துலேருந்து ஆளாளுக்கு எனக்கு போன் பண்ணி விசாரிக்கிறாங்க. இனிமே தெரிஞ்ச மாதிரி இருக்கலாமா, வேண்டாமா? அதைக் கேட்கத்தான் வந்தேன்.”

பேச்சு ஆரம்பித்து எட்டு மாதம்! நான் இஷ்டமில்லாத முகத்தோடு டீ கொடுக்க, அவர்கள் தெரியாத முகத்தோடு குடித்திருக்கிறார்கள். சின்னது கதவோரம் நின்று அழுதாள். அவளை நாலு சாத்து சாத்தலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டாவதைச் செய்தேன்.

“இருக்கலாம் ஆன்ட்டி” என்றேன்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: “அந்த அட்டை இன்னும் இருக்கா? கல்யாணத்துக்கு ஒரு அறுபது பெட்டி வேணும். பிஸ்கட் வேண்டாம்.”

ஏப்ரல் 5, ஞாயிறு

அறுபதும் முடிந்தது. கடைசிப் பெட்டியை அம்மா மடித்தாள், எழுத்து வெளிப்பக்கம் தெரிய.

“அம்மா, திருப்பி மடிச்சிட்டே.”

“தெரியும்டி. உன் பேரு அழகா அச்சாகியிருக்கு. இதை நீ வச்சுக்கோ.”

அதில் என் பென்சில்களைப் போட்டு வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் ஹாலில் ஒரு பல்பு ஃப்யூஸ் போயிற்று. கழற்றிக்கொண்டு, இதை எங்கே போட என்று கேட்டேன். அம்மா ஸ்டோர் ரூமில் காலியாகக் கிடந்த அந்தப் பெட்டியைக் காட்டினாள்.