செவ்வாய் காமெடி, வெள்ளி பேய்

ஜூன் 10, செவ்வாய்

டயாலிசிஸ் நாள். எடை கூடியிருந்தது. சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தே, "தண்ணியா, மோரா?" என்று கேட்டார். மோர்தான். மறைக்கவில்லை. எங்கள் ஊர் நெரவி வெயிலில் மோர் குடிக்காமல் எப்படி இருப்பது? சிறுநீரகம் இரண்டும் நின்றுபோன பிறகு குடிக்கிற ஒவ்வொரு வாயும் உடம்பிலேயே தங்குகிறது. வாரம் இரண்டு தடவை மெஷின் அதை வெளியே இழுத்துப் போடுகிறது. தெரிந்தேதான் குடித்தேன்.

நடுப்படுக்கைக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். சுகிர்தா. ஊர் கோட்டுச்சேரி. பி.காம் படிப்பு பாதியில் நின்றுவிட்டதாம். கழுத்தில் குழாய். அவள் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். இந்தப் பெண்ணிடம் ஆறுதலாக ஏதாவது சொல்லலாமென்று திரும்பினேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்குக் காமெடியா, பேய்ப்படமா?"

பையிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்து வயிற்றின்மேல் நிறுத்தினாள். அந்தப் பக்கத்துப் படுக்கையில் கபீர் பாய். குவைத்தில் டிரைவராக இருந்துவிட்டு, உடம்பு கெட்டு ஊர் திரும்பியவர். நான் வந்த நாள் முதல் ஒரே ஷிஃப்ட். "சிரிப்புப் படம் போடு புள்ள. இந்த மெஷின் சத்தம் கேட்டுக் கேட்டுக் காது செத்துப்போச்சு" என்றார்.

பெண் பார்க்கப் போகிறவர்கள் தவறான வீட்டுக்குள் போய்விடுகிற கதை. பாய் சிரித்த சிரிப்பில் ஊசி குத்திய கை ஆடி, அவர் மெஷின் அலறியது. சிஸ்டர் ஓடி வந்தார். "சிரிக்கணும்னா வீட்ல போய் சிரிங்க!" அதற்கும் சிரித்தோம்.

நான் கடைசியாக எப்போது சிரித்தேன்?

ஜூன் 13, வெள்ளி

இன்று பேய்ப்படம். பாழடைந்த பங்களா, கிணறு, தலைவிரிகோலமாக ஒருத்தி. பாய் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ ஓதினார். நான் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டேன். சுகிர்தா மட்டும் சிரித்தாள்.

"உனக்குப் பயமே இல்லையா?"

"நம்ம ரத்தம் மொத்தமும் வெளிய போயிட்டு வருது அக்கா. அந்தப் பேய் ஒரு சொட்டு குடிச்சதுக்கே இவனுங்க என்னா கத்து கத்துறானுங்க பாருங்க."

செவ்வாய் காமெடி, வெள்ளி பேய் என்று முடிவாயிற்று. இன்னொரு விதியும் போட்டிருக்கிறாள். ஊசியை எடுத்த பிறகு ரத்தம் நிற்கும் வரை நானும் பாயும் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அப்போது ஆளுக்கு ஓர் உண்மை சொல்ல வேண்டும். பொய் சொன்னால் ரத்தம் நிற்காதாம்.

பாய் சொன்னார்: "எனக்கு மவுத்தைப் பத்திப் பயமில்ல. தாகத்தோட போயிடுவேனோன்னுதான் பயம்."

நான் சமாளித்தேன். பல்லிக்குப் பயம் என்றேன். சுகிர்தா என் பஞ்சைப் பார்த்து, "நிக்காது பாருங்க" என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

காமெடிப் படத்தில் கல்யாண வீட்டில் ஒருவன் நன்னாரி சர்பத்தை கிளாஸ் கிளாஸாகக் குடிக்கிறான். பந்தயம். தியேட்டரில் கைதட்டியிருப்பார்கள். நாங்கள் மூன்று பேரும் சத்தமில்லாமல் அந்த கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐஸ் மோதுகிற சத்தம். சுகிர்தா அந்தக் காட்சியைத் தள்ளிவிடப் போனாள். "இருக்கட்டும் புள்ள" என்றார் பாய்.

ஜூலை 11, வெள்ளி

மாங்கனித் திருவிழாக் கூட்டம். என் வீட்டுக்காரர் ராஜ்மோகன் வண்டியைச் சந்து சந்தாக ஓட்டிக் கொண்டுபோய் விட்டார். ரோடு முழுக்க மாம்பழ வாசனை. எங்களுக்கு ஒரு துண்டுகூடக் கூடாது, பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும் என்கிறார்கள்.

நல்ல செய்தி ஒன்று. தம்பி அன்பழகனின் ரத்த வகை எனக்குப் பொருந்துகிறது. சிறுநீரகம் தருகிறேனென்று அவனே கேட்டு வந்தான். "ஒண்ணு போதும்ங்கிறாங்களேக்கா, எனக்கெதுக்கு ரெண்டு?" பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மற்ற டெஸ்டுகளும் எடுத்தாயிற்று. பஞ்சு நேரத்தில் இதைத்தான் சொன்னேன். பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். சுகிர்தா கைதட்டப் போய்க் கழுத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அப்பா இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. கொடுக்க ஆள் இல்லை. தெரிந்தும் அவள் முன்னால் இப்படிச் சொன்னேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கொடுப்பவருக்குக் கல்யாணமாகியிருந்தால் மனைவியின் சம்மதக் கையெழுத்தும் வேண்டுமாம். அன்பழகன் மனைவி நிலா போடமாட்டேன் என்கிறாளாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அவர்கள் வீட்டுக்கே போனேன். நிலா காபி கொடுத்தாள், அரை டம்ளர் மட்டும். என் அளவு அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. பிறகு அழுதாள்.

"எனக்குப் பயமா இருக்கு அண்ணி. வயலு, டிராக்டரு எல்லாம் அவங்க ஒருத்தர்தான் பாக்குறாங்க. பாப்பாவுக்கு இன்னும் பேச்சே வரல. அவங்களுக்கு ஒண்ணுன்னா நான் எங்க போவேன்?"

குழந்தை என் கையில் ஊசி ஏற்றுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்த மேட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. உள்ளே ரத்தம் ஓடுகிற அதிர்வு அதற்கு வேடிக்கை. எனக்குப் பிள்ளை இல்லை. இவள் பிறந்தபோது முதலில் தூக்கியவள் நான்.

சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது நிலா மேல் வந்த வெறுப்பு எனக்கே பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அன்பழகன் போன் எடுப்பதில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

பாயின் மகள் ஜொஹராவுக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். அவர் மனைவி ஆஸியா பீவி வந்து படுக்கை படுக்கையாகப் பத்திரிகை வைத்தார். "எல்லாரும் வரணும். வந்து சாப்பிடச் சொல்ல முடியல, சும்மா வந்து உக்காந்தாப் போதும்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

இன்று படம் ஓடும்போது பாய் திரையைப் பார்க்கவில்லை. பஞ்சு நேரத்தில் சொன்னார்: "அது பொறந்தப்ப நான் இஞ்ச இல்ல. நடந்தப்ப இல்ல. பள்ளிக்கூடம் போனப்ப இல்ல. போன்லயே வளத்தேன். இந்த ஒரு நாளாவது நோயாளியா இல்லாம நிக்கணும்."

செப்டம்பர் 12, வெள்ளி

பாய் வரவில்லை. கல்யாண வேலை. சிஸ்டர் போன் மேல் போன் போட்டார். "திங்கக்கிழமை வந்துடறேம்மா" என்றாராம்.

செப்டம்பர் 15, திங்கள்

கபீர் பாய் இறந்துவிட்டார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சுகிர்தாவின் அம்மா போய்விட்டு வந்து சொன்னார். நிக்காஹ் முடிந்ததும் வந்தவர்கள் எல்லோருக்கும் பாய் தன் கையாலேயே ரோஸ் மில்க் கொடுத்தாராம். தானும் குடித்தாராம். ஒன்று, பிறகு இன்னொன்று. ஆஸியா பீவி தடுத்ததற்கு, "இன்னிக்கு விடு" என்றாராம். விடிவதற்குள் மூச்சு முட்டிவிட்டது. ஆஸ்பத்திரி வாசல் வரை வந்திருக்கிறார்.

தாகத்தோடு போகவில்லை. அதையா நினைத்துச் சமாதானப்படுவது?

அவர் படுக்கையில் வேறொருவரைப் படுக்க வைத்துவிட்டார்கள். சுகிர்தா டேப்லெட்டை எடுக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அம்மா தம்பியோடுதான் இருக்கிறார். இன்று என்னைப் பார்க்க வந்தார். வந்தவரிடம் நான் கத்தியிருக்கக் கூடாது. கத்திவிட்டேன். "நானும் அப்படித்தாம்மா மூச்சு முட்டிப் போவணும்! அவ கையெழுத்தைப் பத்திரமா வச்சுக்கட்டும். நான் போன அப்புறம் அழ வரச் சொல்லு!" அம்மா எழுந்தார். செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் போனார்.

அக்டோபர் 2, வியாழன்

காலையில் நிலா வந்தாள், குழந்தையோடு, தனியாக. உட்காரவில்லை.

"கையெழுத்து போடுறேன் அண்ணி. எப்ப வரணும்னு சொல்லுங்க."

எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மனசு அதற்குள் எங்கெங்கோ ஓடிவிட்டது — ஒரு சொம்புத் தண்ணீர், மாம்பழம், விட்டுவிட்ட ஸ்கூல் வேலைக்குத் திரும்பப் போவது. அதன்பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். இடது கன்னம் வீங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே கருநீலம்.

"என்னடி இது?"

"ஒண்ணுமில்ல."

"அன்பழகனா?"

குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். அம்மா சோறு வேண்டாமென்று படுத்துவிட்டாராம். ஏனென்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேட்டார்களாம். இவ்வளவுதான் சொன்னாள். குழந்தை என்னிடம் வர மறுத்துவிட்டது.

நான் கத்தியது அம்மாவிடம். அம்மா அழுதது அவனிடம். அவன் கை ஓங்கியது இவளிடம்.

அக்டோபர் 3, வெள்ளி

படம் இல்லை. பஞ்சை அழுத்திக்கொண்டு சுகிர்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டாமென்று சொல்லிவிடப்போகிறேன் என்றேன். அவள் ஆமோதிப்பாள் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

"வாங்கிக்கங்க அக்கா."

"அடிச்சு வாங்கினதுடி."

"இருக்கட்டும். கன்னம் ரெண்டு நாள்ல சரியாப் போயிடும். நமக்குச் சரியாப் போகுமா? எனக்கு ஒருத்தர் குடுத்தா எப்படி வந்துச்சுன்னு கேக்கவே மாட்டேன்." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "வர்றத வேணாங்குறீங்க. எனக்குக் குடுக்கவே ஆள் இல்ல. இங்க உக்காந்து எங்கிட்டயே சொல்றீங்க."

அவள் சொன்னதில் எது தப்பு?

அக்டோபர் 5, ஞாயிறு

ராஜ்மோகனை வண்டி எடுக்கச் சொன்னேன். எதற்கென்று சொல்லவில்லை. தம்பி டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான். "அவ ஒத்துக்கிட்டா அக்கா. இனிமே கவலையில்ல."

"எனக்கு வேண்டாம்டா."

"என்னா பேசுற?"

"பாண்டிச்சேரிக்கு நாளைக்குப் போன் பண்ணி சொல்லிடறேன். உங்கிட்டேருந்து எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"உனக்காகத்தானக்கா அடிச்சேன்!"

"என் பேரைச் சொல்லி அடிக்காதடா!" தொண்டை கிழியக் கத்தினேன். "நாளைக்கு அது எனக்குள்ள இருக்கும். ஒவ்வொரு வாய் தண்ணி குடிக்கையிலயும் அவ மூஞ்சி ஞாபகம் வரும். அப்படி ஒரு தண்ணி எனக்கு வேண்டாம்."

பைப்பை மூடாமலே நின்றான். தண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நிலா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள், வெளியே வரவில்லை. அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

திரும்பி வந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இவர் கேட்டார்: "என்னைப் பத்தி யோசிச்சியா பிரதீபா?"

யோசித்தேன். அதற்காகத்தான் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வண்டி எடுத்திருக்க மாட்டார்.

அக்டோபர் 7, செவ்வாய்

போன் செய்து சொல்லியாயிற்று. சுகிர்தா என்னோடு பேசவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

இன்றும் பேசவில்லை. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தனியாகப் படம் பார்த்தாள். திரை எனக்குத் தெரியாதபடி திருப்பி வைத்திருந்தாள்.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று தீபாவளி. தம்பி வீட்டிலிருந்து பலகாரம் வரவில்லை. இவர் மாலை வரை யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு ஒரு மத்தாப்புப் பெட்டி வாங்கிவந்து என் கையில் கொடுத்தார்.

நடுப்படுக்கை காலி. சுகிர்தாவுக்குக் கழுத்துக் குழாயில் தொற்று, குளிர்ஜுரம். பாண்டிச்சேரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோய்விட்டார்கள். சிஸ்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். "கடவுளை வேண்டிக்கங்க" என்றார். அவர் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

எத்தனை தடவை அவள் நம்பரை எடுத்து எடுத்து வைத்தேன். அவள் அம்மா எடுத்து, வேறு செய்தி சொல்லிவிட்டால்?

நவம்பர் 14, வெள்ளி

வந்துவிட்டாள். பாதி ஆளாக. முடியை வெட்டிவிட்டிருக்கிறார்கள். குழாய் இப்போது தொடையில்.

மெஷினில் மாட்டிய பிறகு சொன்னாள்: "கோவம் போகல அக்கா."

"போக வேண்டாம்."

"அங்க ஐசியூல நெனச்சேன். நான் போயிட்டா இந்த அக்கா இனிமே யார் கூடப் படம் பாக்கும்னு. அப்பவும் கோவமாத்தான் இருந்துச்சு."

எனக்கு வந்த அழுகையில் மெஷின் அலறியது. சிஸ்டர் வந்து, "சிரிச்சாலும் இம்சை, அழுதாலும் இம்சை" என்று பட்டனை அமுக்கிவிட்டுப் போனார்.

நவம்பர் 18, செவ்வாய்

டாக்டர் எங்கள் இருவர் பெயரையும் மூளைச்சாவு தானத்துக்கான வரிசையில் பதியச் சொன்னார். பதிந்தோம். "எத்தனை வருஷம் ஆகும் சார்?" என்றதற்குப் பேனாவை மூடிவைத்தார்.

நவம்பர் 28, வெள்ளி

புயல் எச்சரிக்கை. நேற்று முதல் மழை. இவர் மின்துறை ஆள், இந்த மாதிரி நாளில் லீவு கேட்கவே முடியாது. துணைக்கு யாருமில்லாமல் ஆட்டோவில் போய்விடலாமென்று கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். குடையோடு நிலா நின்றாள்.

"அண்ணன் போன் பண்ணி வரமுடியுமான்னு கேட்டாங்க. பாப்பாவை அத்தைகிட்ட விட்டுட்டு வந்தேன்."

அவர் கேட்டது எனக்குத் தெரியாது. அன்பழகனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றாள். அதற்கு அவன் என்ன சொன்னான் என்று நானும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அவள் இதுவரை டயாலிசிஸ் அறைக்குள் வந்ததில்லை. ஊசி ஏறியபோது என் தோளைப் பிடித்திருந்தாள். குழாயில் ரத்தம் ஓட ஆரம்பித்ததும் வெளிறிப்போய், "வலிக்குதா அண்ணி?" என்று கேட்டாள். பழகிவிட்டது என்றேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள், நான் வேறு ஏதோ சொல்லப்போவது போல.

சுகிர்தா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். யாரென்று தெரிந்துவிட்டது. பிறகு டேப்லெட்டை அவளிடம் நீட்டினாள். "எனக்குக் கை வலிக்குது அக்கா. நீங்க நடுவுல உக்காந்து பிடிச்சுக்கிறீங்களா? இன்னிக்கு வெள்ளி, பேய்ப்படம்."

"அய்யோ, எனக்குப் பேயின்னாலே பயம்."

"கண்ண மூடிக்கங்க. எங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்."

வெளியே காற்று ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது. கரண்ட் ஒருமுறை போய் ஜெனரேட்டர் வந்தது. இரண்டு படுக்கைக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, முகத்தை ஒருபக்கம் திருப்பிக் கண்ணை இறுக்கி மூடியபடி நிலா படம் முடியும்வரை டேப்லெட்டைப் பிடித்திருந்தாள். கையை ஒருமுறைகூட இறக்கவில்லை.