புல் முளைக்காத காடு

ஒரு புல்லையும் சும்மா விடாத என் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. உங்களிடம் அதைக் கேட்க வழியில்லாததால் நேராகச் செய்திக்கு வந்துவிடுகிறேன். எனக்கு இடம் கிடைத்துவிட்டது. மதராஸ் மாகாணத்தில் ஒரு விவசாயக் கல்லூரியில், மேல்பட்டத்துக்கான ஆராய்ச்சி. சிங்கப்பூரிலிருந்து அடுத்த கப்பலில் கிளம்புகிறேன்.

நீங்கள் ஆசைப்பட்ட சீமை இல்லை அது. நீங்கள் ஆசைப்பட்ட வேர் நோயும் இல்லை. இந்த இரண்டையும் உங்களிடம் சொல்லாமல் கப்பலேற எனக்கு மனம் வரவில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். அப்பா மலாயாவில், ஜொகூரின் கூலாய்க்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் கண்டக்டர். வெளிவேலை முழுவதும் அவர் பார்வையில் நடக்கும். தோட்டத்தில் மரம் நிற்கும் ஒவ்வொரு பிரிவையும் நாங்கள் காடு என்போம். நாலாம் நம்பர் காடு அப்பாவின் பெருமை. புல் வெட்டும் கூட்டத்தை மாதம் தவறாமல் அங்கே இறக்குவார். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே பச்சை என்று ஒன்று தலைகாட்டக் கூடாது. "ஊசி விழுந்தாலும் என் கண்ணுக்குத் தெரியணும்டா" என்பார். பக்கத்துத் தோட்டத்துத் துரைமார்கள் அதை வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் கண்டக்டர்களைத் திட்டுவார்களாம்.

புல் மரத்தின் சாப்பாட்டைத் திருடுகிறது என்று நீங்கள் நம்பினீர்கள். ஜொகூர் முழுக்க அன்று எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். நம்பாதவனுக்குக் கண்டக்டர் வேலையே கிடைத்திருக்காது.

அந்தக் காட்டில் வேர்கள் தரைக்கு மேலே எழும்பிக் கிடக்குமே, நினைவிருக்கிறதா? பள்ளி விடுமுறையில் அவற்றின் மேல் உட்கார்ந்துதான் நான் இங்கிலீஷ் பாடம் படிப்பேன். நல்ல வசதியான இருக்கை. வேர் ஏன் வெளியே வந்து கிடக்கிறது என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நீங்கள் எனக்குக் காட்டியது வேறொன்று. ஒருநாள் நல்ல மரம் ஒன்று காற்றே இல்லாமல் சாய்ந்தது. நீங்கள் குந்தி உட்கார்ந்து, வேரில் ஓடிய வெள்ளை நூல்களை விரலால் சுரண்டிக் காட்டினீர்கள். "இதுக்கு ஒரு மருந்து கண்டுபிடிடா தம்பி. சீமைக்குப் போய்ப் படி" என்றீர்கள். அதையே பிடித்துக்கொண்டேன். சிங்கப்பூர்க் கல்லூரியில் சேர்ந்தபோதும் அதுதான் எண்ணம், நீங்கள் காய்ச்சலில் போனபிறகும் அதுதான் எண்ணம். ஆராய்ச்சிப் பொருள் என்னவென்று யார் கேட்டாலும் ரப்பர் வேர் நோய் என்று யோசிக்காமல் சொல்வேன்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்தில் முதலில் நிறுத்தியது புல் வெட்டைத்தான். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். விடுமுறைக்கு வந்தபோது எங்கு பார்த்தாலும் இடுப்பளவு லாலாங் புல், அதன் நடுவே பெரணியும் பெயர் தெரியாத கொடிகளும். நாலாம் நம்பரை மட்டும் துரை விடவில்லை. அது ரோட்டோரம் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் வந்தால் காட்டுவதற்கு ஒரு காடாவது சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

அந்த வருஷக் கடைசியில் பெரிய மழை. குடையைப் பிடித்துக்கொண்டு கால்வாய் ஓரம் போய் நின்றேன். மூன்றாம் நம்பர்த் தண்ணீரும் நாலாம் நம்பர்த் தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும். புல் மண்டிக் கிடந்த மூன்றாம் நம்பரிலிருந்து வந்த தண்ணீரில் அடியில் கிடந்த கல் தெரிந்தது. உங்கள் காட்டுத் தண்ணீர் பால் அதிகம் விட்ட தேநீர் மாதிரி வந்தது. இரண்டையும் மண்ணெண்ணெய் டின்களில் பிடித்து வைத்தேன். மறுநாள் பார்த்தால் ஒன்றின் அடியில் கொஞ்சம் சருகுத் தூள். மற்றதில் கை நிறைய அள்ளும் அளவுக்கு மண்.

மூன்றாம் நம்பர் மரங்கள் சாகவில்லை, அப்பா. இலை கறுத்துச் செழிப்பாக நின்றன. வெறும் தரையில் நின்ற மரங்களுக்குத்தான் வேர் வெளியே வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு வேர் நோய் என்னை விட்டுப் போய்விட்டது. வருத்தத்தோடு விட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். உண்மையில் எனக்கு அன்று சந்தோஷம் தாங்கவில்லை.

இதற்குள், நான் முன்பே எழுதிப் போட்டிருந்த சீமைக் கல்லூரியிலிருந்து பதில் வந்தது. சிங்கப்பூர்ச் சான்றிதழ் பட்டத்துக்குச் சமமாகாது, வேண்டுமானால் இங்கே வந்து முதல் பட்டத்தை முதலிலிருந்து படிக்கலாம் என்று மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள். படித்ததையே மறுபடி படிக்கக் கடல் தாண்டுவானேன்? மதராஸ் பக்கம் திரும்பினேன். சீமைக்கு எழுதிய வேர் நோய் விண்ணப்பத்தின் நகலோடு, புல்லும் மண் அரிப்பும் என்று புதிதாக ஒன்றும் எழுதி அனுப்பினேன். அவர்கள் சான்றிதழைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆனால் தோட்டத்துத் துரையின் நற்சான்று ஒன்று வேண்டும் என்றார்கள்.

உங்கள்மேல் இருந்த மதிப்பில் துரை அதை முன்பே தருவதாகச் சொல்லியிருந்தார். ஆராய்ச்சிப் பொருளை மாற்றிவிட்டேன் என்றதும் வாயில் புகைந்துகொண்டிருந்த சுங்கானை எடுத்தார். "வேர் நோய்ன்னா நான் எழுதும். புல்லுக்கு எழுதாது" என்றார், தோட்டத்தில் கற்ற தமிழில். "கண்டக்டர் புல்லு வெட்டிப் பேர் வாங்குனான். மகன் அந்தப் பேரைக் கெடுக்கிறான்."

மாலைக்குள் அது அம்மாவின் காதுக்கு எட்டிவிட்டது. "அவனவன் அப்பன் பேரைக் காப்பாத்தப் படிக்கிறான். நீ உங்கப்பா செஞ்சது தப்புன்னு எழுதிப் பட்டம் வாங்கப் போறியா?"

"தப்புன்னு யாரும்மா சொன்னாங்க? அப்ப யாருக்கும் தெரியாது."

"அவருக்குத் தெரியும். மண்ணைப் பத்தி அவருக்கு நீ சொல்லிக் குடுக்கப் போறியா?"

அதற்குமேல் அம்மா என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், மீன் துண்டில் பெரியதாகப் பார்த்து வைத்தாள். பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டாள். பழைய பொருளையே வைத்துக்கொண்டிருந்தால் நற்சான்றும் கிடைத்திருக்கும், அம்மாவும் பேசியிருப்பாள். இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்தது. நீங்கள் இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பீர்கள்? எனக்கு இன்றும் தெரியவில்லை.

அந்த மதராஸ் கல்லூரிப் பேராசிரியர் ஜாவாவுக்குப் போகும் வழியில் சிங்கப்பூரில் இறங்குவதாகவும், வந்து பார்க்கும்படியும் எழுதினார். ரயிலேறி, ஜொகூர்ப் பாலம் தாண்டிப் போனேன். தங்கியிருந்த வீட்டு வராந்தாவில் என் விண்ணப்பங்கள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்பா, முதல்ல வேர் நோய்ன்னு எழுதியிருக்கே. அப்புறம் புல்லு, மண் அரிப்புங்கறே. அங்க வந்து சேர்ந்தப்புறம் நட்சத்திரம் பாக்கறேன்னு கிளம்பிடுவியோ?"

"மாட்டேன் சார். மண்ணு போயிட்டா அப்புறம் வேர் எங்க நிக்கும்?"

அவர் சிரிக்கவில்லை. நற்சான்று எங்கே என்றார். துரை மறுத்ததைச் சொன்னேன். "அது கிடக்கட்டும். எனக்கு வேற சந்தேகம். புல் இருக்கற நிலம் எங்க வேணாலும் கிடைக்கும். அதோட ஒப்பிட்டுப் பாக்க வெறும் தரை வேணுமே? நேத்து வெட்டின தரை உதவாது. வருஷக்கணக்கா ஒரு புல்லுகூட இல்லாம எவன் வெச்சிருப்பான்?"

"எங்கப்பா வச்சிருந்தாங்க சார்."

அதற்கப்புறம் அவர் கேட்டதெல்லாம் உங்களைப் பற்றித்தான். எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டுவீர்கள், வெட்டிய புல்லை எங்கே கொட்டுவீர்கள், சரிவில் எப்படி, கால்வாய் ஓரத்தில் எப்படி. ஊசிக் கதையைச் சொன்னதும் விண்ணப்பங்களை மூடி வைத்துவிட்டார். "அந்தக் காட்டை யாரும் தொடாம பாத்துக்கோ" என்றார். எனக்கு இடம் கிடைத்தது அப்படித்தான். அந்தப் பேட்டியில் தேறியது நீங்கள்தான் என்று நான் சொன்னால் அடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

துரைக்குப் பேராசிரியரே எழுதினார். இப்போது துரையும் சம்மதம். புல் வெட்டாமல் விட்டதற்குப் படித்தவர்கள் வாயால் ஒரு காரணம் கிடைத்ததில் கம்பெனிக்கும் திருப்தி போலிருக்கிறது. மண்ணைச் சோதிக்கும் முறையை அங்கே கற்றுக்கொண்டு, மழைக்காலத்துக்கு நான் கூலாய்க்கே திரும்பி வந்து அளக்க வேண்டும்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். "அப்ப அவரு காடு உனக்கு வேணும்" என்று மட்டும் சொன்னாள். ஆமாம் என்றேன். அது சமாதானமா, குத்தலா என்று எனக்குப் புரியவில்லை.

நேற்று உங்களிடம் வந்தோம். பயணத்துக்கு முன்னால் மேட்டைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அம்மா மண்வெட்டியை என் தோளில் ஏற்றிவிட்டாள். நம் ஆட்களுக்கு இடுகாட்டிலும் அதே வழக்கம்தானே. மேட்டில் புல் இருந்தால் கேட்பாரில்லாதவர் என்று பேசிவிடுவார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும், ஒவ்வொரு திதிக்கும் உங்கள் மேட்டை மழமழவென்று செதுக்கி வைத்தோம். அந்தச் சரிவில் உங்களுடையதைப் போல் சுத்தமான இடம் வேறு இல்லை.

உங்களுக்குப் பக்கத்தில்தான் மண்டோர் முனியாண்டி. உங்கள் புல்வெட்டுக் கூட்டத்தை ஏவிய அதே முனியாண்டி மாமா. அவர் குடும்பத்தையும் கப்பலேற்றிவிட்டார்கள், செதுக்க ஆளில்லை. மேடு தெரியாமல் லாலாங் அடர்ந்து கிடந்தது. நான் உங்கள் பக்கம் மண்வெட்டியை ஓங்கினேன். அம்மா அந்தப் புல்லை இரண்டு கையாலும் விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முனியாண்டி அண்ணன் மேடு வச்சது வச்சபடி இருக்குடா" என்றாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள். உங்கள் இடம் தரையோடு தரையாக இருந்தது. தலைமாட்டுக் கல்லின் அடிப்பாகம் வெளியே வந்து ஒருபுறம் சாய்ந்திருந்தது.

"உங்கப்பா எங்கடா?"

என்னிடம் பதில் இருந்தது, டின்னில் பிடித்து அளந்த பதில். ஓங்கிய மண்வெட்டியைக் கீழே இறக்கினேன்.

அம்மாவே மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள். கீழே கால்வாயில் போய்த் தங்கியிருந்த மண்ணை அள்ளச் சொன்னாள். நான் கூடையில் சுமந்து வந்து கொட்டக் கொட்ட, தட்டி உயர்த்தினாள். கல்லை நிமிர்த்தினாள். பிறகு முனியாண்டி மாமாவின் மேட்டு ஓரத்திலிருந்து வேரோடு புல்லைப் பெயர்த்து வந்து, நாற்று நடுகிற மாதிரி உங்கள்மேல் வரிசையாக நட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திட்டுவாரு" என்றாள். பிறகு, "திட்டட்டும்" என்றாள்.

திட்டுங்கள் அப்பா. உங்கள் நாலாம் நம்பரை, அளந்து முடிக்கும்வரை, ஊசி விழுந்தால் தெரிகிற மாதிரியே வைத்திருப்பேன். அதில் ஒரு புல்லும் முளைக்காது, அது என் பொறுப்பு. ஆனால் மழைக்குத் திரும்பி வரும்போது உங்கள் மேட்டில் எவ்வளவு புல் வளர்ந்திருந்தாலும், அதை மட்டும் வெட்ட மாட்டேன்.

உங்கள் காட்டை நம்பிப் படிக்கப் போகும்
உங்கள் மூத்த மகன்,
இராமலிங்கம்