நித்யா வளர்கிறாள், அக்கா

என் ஆசை அக்காவுக்கு,

உன் மகள் பள்ளிக்கூடப் பாவாடையின் மடிப்பைப் பிரித்துவிடச் சொல்லி எடுத்துவந்தாள். கணுக்கால் தெரிகிறதாம், தோழிகள் சிரிக்கிறார்களாம். சந்தோஷமாக அப்போதே பிரித்துவிட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ காய்ச்சலில் போனபோது நித்யாவுக்கு அப்போதுதான் பேச்சு வந்திருந்தது. மாமா லாரியோடு போய்விடுவதால் அவள் மூக்கண்டப்பள்ளியில் எங்களோடுதான். நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகப் படித்தாள். உயரம் மட்டும் கூடவில்லை. கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

பக்கத்து வீட்டு லட்சுமம்மா ஒருநாள் நேராகவே சொன்னாள். "தாயில்லாத ஏக்கம் மஞ்சு. நீ எவ்ளோதான் பாத்தாலும் சித்தி சித்திதானே?"

கெட்ட மனதோடு சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளுக்குச் சோறு போடும்போதெல்லாம் என் கையையே சந்தேகமாகப் பார்த்தேன், அக்கா. என்னிடம்தான் ஏதோ குறைகிறதா?

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் காட்டினோம். அவர்கள் பெங்களூருக்கு அனுப்பினார்கள். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு அழைத்துப் போனேன். வளர்ச்சி ஹார்மோன் நாள் முழுக்க ஒரே சீராகச் சுரக்காதாம். விட்டுவிட்டுத்தான் வருமாம், ஆழ்ந்த தூக்கத்தில் அதிகமாம். ஒருமுறை ரத்தம் எடுத்தால் தெரியாது என்று, அதைத் தூண்டும் மருந்து கொடுத்துத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். பிறகு தலையை ஸ்கேன் செய்தார்கள்.

டாக்டரம்மா தமிழ்க்காரர். படத்தைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஓர் இடம். அதற்குக் கீழே பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி. மேலிருந்து 'சுரக்கட்டும்' என்று ஒரு ரசாயனம் இறங்கினால்தான் கீழே வளர்ச்சி ஹார்மோன் வெளியே வரும். அளவு மிஞ்சினால் 'போதும்' என்று இன்னொன்று இறங்கும். நித்யாவுக்கு இரண்டையும் இணைக்கும் காம்பு பிறவியிலேயே சரியாக உருவாகவில்லை. மேலே சொல்வது கீழே போய்ச் சேரவில்லை.

நான் கேட்டேவிட்டேன். "மேடம், ஏக்கத்துல வளர்ச்சி நின்னுபோகுமா?"

"ரொம்பக் கொடுமைக்குள்ள வளர்ற குழந்தைங்களுக்கு அப்படி ஆகறது உண்டும்மா. இவளுக்கு அது இல்ல. நீங்க பண்ணது எதுவுமே இல்ல. உங்கள எப்படி ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கா பாருங்க."

திரும்பும்போது பஸ்ஸில் ஜூஜுவாடி வரைக்கும் என் மடியில் தூங்கினாள். அவளுக்கு உன் ஏக்கம் இருக்காதா, அக்கா? இருக்கும். எனக்கே தீரவில்லையே. ஆனால் அவள் வளர்ச்சி நின்றது அதனால் இல்லை, அவ்வளவுதான். அது தெரிந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

இப்போது தினமும் படுக்கும் முன் ஊசி. மூளை சொல்லி வரவேண்டியதை நாம் வெளியிலிருந்து கொடுக்கிறோம். தொடையைத் தானே துடைத்துக்கொண்டு, "போடு சித்தி, பயப்படாத" என்கிறாள்.

நேற்று கேட்டாள். "சித்தி, எங்கம்மா உசரமா?"

"உசரந்தான். பரண்மேல இருக்கறத ஸ்டூல் போடாமலே எடுப்பா."

"அப்ப நானும் எடுப்பேன்."

எவ்வளவு உயரம் வருவாள் என்று டாக்டரம்மா உறுதி சொல்லவில்லை. ஊசியை நான் ஒருநாளும் விடமாட்டேன். அவள் எவ்வளவு வளர்ந்தாலும், உன்னைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றாமல் பதில் சொல்வேன். அவளுக்கு நான் சித்தியாகவே இருக்கிறேன். அம்மா நீதான்.

உன் தங்கை, உன் மகளுக்குச் சித்தி,
மஞ்சுளா