விரல் தின்ற மெஷினுக்கு மாலை

காஜா பேராங், மலாக்கா
12-9-1957

அன்புள்ள சந்திரமதிக்கு, அப்பாசாமி எழுதுவது. நான் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா?

சுதந்திரக் கொண்டாட்டத்துக்காகப் பண்டார் ஹிலிர் திடலில் பழைய தோட்டத்து இயந்திரங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஞாயிறன்று போனேன். என் வலது கையில் மூன்று விரல்களைத் தின்றதே, ரப்பர் ஷீட் உருட்டும் மெஷின், அதுவும் அங்கே நிற்கிறது. பச்சைப் பெயின்ட் அடித்து, சாமந்தி மாலை போட்டு, 'தொழிலாளியின் தோழன்' என்று அட்டை மாட்டியிருக்கிறார்கள். அதைவிட அருவருப்பு, நம் சனங்களே செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குக் குங்குமம் வைத்ததுதான்.

பழைய கங்காணி என்னைப் பார்த்துவிட்டார். "கும்பிட்டுக்கோ அப்பாசாமி, நமக்குச் சோறு போட்ட சாமிலா இது!"

"சாமியா? சனியன்!" என்று கத்தினேன். கத்திய வாய் மூடுமுன், தினமும் வேலை தொடங்கும்போது செய்த பழக்கத்தில், மிச்சமிருக்கும் இரண்டு விரலால் அந்த உருளையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தூ! அறைக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் அந்தக் கையால் சாப்பிடப் பிடிக்கவில்லை.

நீ கவலைப்படாதே, இப்போது சாப்பிடுகிறேன். ஷரீஃபுதீன் பாய் ஊருக்கு வருகிறார். அவரிடம் இரண்டு சட்டை தைத்துக் கொடுத்தனுப்பு. தபால் கட்டும் நேரமாகிவிட்டது. பொத்தான் மட்டும் பெரிதாக வை. பூட்டிவிட இங்கே யாரும் இல்லை.

அப்பாசாமி