ஐவி அனுப்பின நீலச் சீலை

திருகோணமலை
18.2.1963

அன்பு மச்சாள் ஐவிக்கு,

நானும் ஸ்டெல்லாவும் சுகம். மாமியும் சுகம்தான், உங்கட அண்ணன் போனதிலிருந்து என்னோட கதைக்கிறதுதான் குறைவு. அவர் உயிரோட இருக்கேக்க எனக்காகத் துறைமுகக் கொம்பனி ஒண்டுக்குப் போட்ட விண்ணப்பத்துக்கு இப்பதான் பதில் வந்திருக்கு. தட்டச்சு வேலை. மார்ச் முதலாந் திகதி நேர்முகம். இது கிடைக்காட்டி எனக்கும் பிள்ளைக்கும் மாமியின்ர சோறுதான். அவ அதைச் சொல்லிச் சொல்லித்தான் போடுறா.

எதைக் கட்டிக்கொண்டு போறது, மச்சாள்? செத்தவீடு முடிஞ்ச கையோட மாமி என்ர சீலை எல்லாத்தையும் கறுப்புச் சாயத்தில தோய்ச்சுப் போட்டா. கலியாணக் கூறையும் தப்பேல்லை. ஒரு வருசத்துக்குக் கறுப்புத்தானாம். வேர்த்தா சாயம் கழுத்தில இறங்குது. இந்தக் கோலத்தில எப்பிடிப் போவன்?

உங்கட மச்சாள்
மக்டலின்

கொழும்பு
22.2.1963

என்ர அன்பான மச்சாள்,

கறுப்போட போகாதேங்கோ! ஐயோ பாவம் எண்டு தேத்தண்ணி தந்து அனுப்பிவிடுவாங்கள், வேலை தரமாட்டாங்கள். என்ர நீலச் சீலையைப் பார்சலில அனுப்பியிருக்கிறன். கஞ்சி போட்டு மினுக்கிக் கட்டுங்கோ. துரை கதிரையைக் காட்டினா பயப்படாமல் அதில இருங்கோ. நானும் இங்க கந்தோர் வேலைக்குக் கறுப்புக் கட்டுறதில்லை, கொழும்பில ஆர் பார்க்கினம்? அம்மா ஏதும் சொன்னா நான் பார்த்துக்கொள்ளுறன். அண்ணன் இருந்தா அவரே மினுக்கித் தந்திருப்பார்.

அன்புடன்
ஐவி

கொழும்பு
12.3.1963

அன்பு மச்சாள்,

கோவிச்சுக்கொள்ளாதேங்கோ. நீங்கள் நேர்முகத்துக்கு நீலத்தில போனதை ஆரோ அம்மாவிட்டச் சொல்லிப் போட்டினம். அண்ணன்ர முப்பத்தோராம் நாள் பூசை முடிஞ்சு, மாதா கோயில் வாசலில அத்தனை சனத்துக்கு முன்னால, "ஆரடி தந்த நீலச் சீலை?" எண்டு அம்மா கத்தேக்க நான் என்ன செய்ய? துக்கம் முடிஞ்ச பிறகு கட்டத்தான் அனுப்பினனான் எண்டு வாயில வந்திட்டுது. எனக்கும் கலியாணம் பேசுற நேரம். கோவம் ஆறினதும் அம்மாவுக்கு உண்மையைச் சொல்லுறன். வேலை கிடைச்சுதோ? ஒரு வரி எழுதுங்கோ.

உங்கட
ஐவி

திருகோணமலை
20.3.1963

ஐவிக்கு,

வேலை கிடைச்சிட்டுது. துரை என்ர சீலையைப் பார்க்கவேயில்லை. நான் தட்டச்சடிச்ச தாளைத்தான் பார்த்தார். கறுப்போட போயிருந்தாலும் தந்திருப்பார்.

மாமி பூசையண்டைக்கே என்ர றங்குப்பெட்டியைத் தெருவில வைச்சிட்டா. நானும் ஸ்டெல்லாவும் பக்கத்து வீட்டுக் கனகம்மா அக்காவின்ர பின் அறையில இருக்கிறம். பிள்ளை அப்பம்மாவிட்டப் போவம் எண்டு அழுகுது.

"புருசன் செத்து மாசம் ஆகமுன்னம் ஆரை மயக்க உடுத்திக்கொண்டு போனனீ?" எண்டு மாமி கேட்டதைக்கூடப் பொறுப்பன். அப்ப நீங்கள் அவவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிலத்தைப் பார்த்து நிண்டதை என்னால பொறுக்க ஏலாது. இனி உண்மை ஒண்டும் சொல்ல வேண்டாம். கொழும்பில நீங்கள் என்ன கட்டுறியள் எண்டு நானும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

சீலையைத் திருப்பி அனுப்புறன். வருசம் முடியேல்லைத்தானே, கறுப்புச் சாயத்தில தோய்ச்சிருக்கிறன். கந்தோருக்குக் கட்டிக்கொண்டு போங்கோ. செத்தது உங்கட அண்ணன்.

மக்டலின் யேசுரட்ணம்