கேட் பைப்பில் ஒரு வாக்கர்

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோம் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை, அதனால் இருக்கிறோம் என்பதோடு நிறுத்துகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். குழந்தைக்குச் சளி என்று அம்மா சொன்னாள். எனக்கு எல்லாமே அம்மா சொல்லித்தான் தெரிகிறது. வெல்டிங் பட்டறையை மூடிவிட்டு நாங்கள் உன்னோடு வந்துவிட வேண்டும் என்று நீயும் அவளும் பேசி முடித்ததும் அப்படித்தான் தெரிந்தது. நுரையீரல் என்னுடையது, பட்டறை என்னுடையது, முடிவு மட்டும் உங்களுடையது.

பிடித்துக்கொண்டு நடக்க நீ அனுப்பிய வாக்கர் வந்து சேர்ந்தது. நான் கேட்கவில்லை. நாலு சக்கரம், நடுவில் ஒரு சீட், முன்னால் ஒரு பை, காய்கறி வாங்கப் போகிற சாமான் மாதிரி இருந்தது. ஒரு கையில் தூக்கினேன், வந்துவிட்டது. ஆயுள் முழுக்க இரும்பைத் தூக்கியவனுக்கு அலுமினியத்தின் மேல் சாய நம்பிக்கை வருமா, கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டேன். நடக்க முடியவில்லை என்பது உண்மைதான், அதை நான் மறைக்கவில்லை. பட்டறை இருப்பது தெருக்கோடியில், அங்கே போய்ச் சேர்வதற்குள் எத்தனையோ தரம் நிற்க வேண்டியிருக்கிறது. மருந்துக்கடை வாசலில் விளம்பரம் படிக்கிற மாதிரி நிற்பேன். அந்தக் கடைக்காரர் ஒருநாள், ஐயா இந்நேரம் மனப்பாடம் ஆகியிருக்குமே, போர்டை மாற்றவா என்று கேட்டார். அன்றைக்குத்தான் நானே ஒன்று செய்துகொள்வது என்று முடிவு செய்தேன். யாரிடமும் நின்று வெல்டிங் கற்றவன் இல்லை நான், இதற்கு மட்டும் ஆளைக் கேட்பேனா. கேட் செய்கிற பைப், கேட்டுக்குப் போடுகிற சக்கரம், கேட்டுக்கு அடிக்கிற பச்சை பெயின்ட். இருமி இருமித்தான் செய்தேன், ஆனாலும் ஒரு மூட்டு கோணவில்லை. நம்மிடம் வேலை பார்க்கிற நெட்டையன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி முதலாளி, பூட்டு எங்கே மாட்டுவது என்றான். அவனுக்கு உயரத்தைவிட வாய் நீளம்.

சாயங்காலம் அதைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். சமதளத்தில் நகர மறுத்தது, மருந்துக்கடைப் பக்கம் இறக்கம் வந்ததும் நிற்க மறுத்தது. பிரேக் வைக்கவில்லை. கேட்டுக்கு யார் பிரேக் வைப்பார்கள்? அது என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. விழுந்துவிட்டேன் என்று அம்மா சொல்லியிருப்பாள், அது பொய், உட்கார்ந்தேன். மூச்சு மட்டும் மேலே வரவே இல்லை. மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு ஆள் அனுப்ப, நீ அனுப்பிய வாக்கரைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்தாள். பிரேக்கைப் போட்டுவிட்டு, ஏங்க, கௌரவத்தை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல இதுல உட்காருங்க என்றாள். தெரு பார்க்க உட்கார்ந்தேன். பிறகு அதன் கைப்பிடியில் கையை ஊன்றி, முன்னால் சாய்ந்து நடந்தபோது மூச்சு உள்ளே போனது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அதற்காக நீ சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிடாது.

இப்போது தினமும் உன் வாக்கரில்தான் பட்டறைக்குப் போகிறேன். புகை ஆகாது என்று டாக்டர் சொன்னதால் உள்ளே போவதில்லை, வாசலில் அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்துகொள்கிறேன். வெல்டிங் வேலையை நெட்டையனிடம் விட்டுவிட்டேன். விட்ட அன்று சோறு இறங்கவில்லை. ஆனால் அவன் கோணலாக வைத்தால் சத்தத்திலேயே எனக்குத் தெரிகிறது, கத்த முடியாததால் சுத்தியலால் தரையில் தட்டுகிறேன், திரும்பிப் பார்க்கிறான். உன் வீட்டுக்கு வந்து நான் எதைத் தட்டுவேன்?

அலுப்பாக இருக்கிறதம்மா. சட்டைப் பொத்தான் போடுவதற்குள் ஓய்ந்துவிடுகிறேன். குளித்துவிட்டு வந்தால் துடைத்துக்கொள்ளத் தெம்பில்லாமல் கட்டில் ஓரத்தில் ஈரத்தோடு உட்கார்ந்திருப்பேன், அம்மா பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போவாள். மாப்பிள்ளை சிகரெட்டை விட்டுவிட்டாரா? குழந்தை இருக்கிற வீட்டில் புகை கூடாது என்று நான் சொன்னதாகவே சொல், கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். கடைசியாக ஒன்று. நீ கூப்பிடும்போது கூடத்தைத் தாண்டி வந்து போனை எடுக்கிறேன், எடுத்ததும் பேச்சு வருவதில்லை. அப்பா கோபமாக இருக்கிறார் என்று நினைத்து, அம்மாவிடம் கொடுங்கள் என்கிறாய். கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் நான் பேசாமல் நிற்பது மூச்சுக்காக. கொஞ்சம் பொறுத்திரு. பட்டறையை மூடச் சொல்வதானாலும் என்னிடமே சொல். முடியாது என்று சொல்லுமளவுக்கு மூச்சு வந்துவிடும்.

உன் அப்பா